விரலுக்கு அச்சம், கழுத்துக்கு இல்லையா?

ஆய்வுக்கூடத்திலே இரண்டு மணி நேரம் குனிந்திருந்துவிட்டு, கைகளைக் கோத்து நெட்டி முறித்தேன். சடசடவென்று ஒலி எழுந்ததுதான் தாமதம், "வேண்டாமையா! வயதானால் விரல் முடங்கிப்போகும்" என்று பதறினார் பக்கத்து மேசை மதுரைத் தோழர். இவர்தாம் மாதந்தோறும் தார்நாகாவிலே முடி வெட்டிக்கொண்டு, முடிவில் கழுத்தை இருபுறமும் மளுக்கென்று திருப்பச் சொல்லி, சொர்க்கம் கண்டவர்போல் திரும்புகிறவர்! தோழர்களே, இந்தத் தலைகீழ் அச்சம் நம்மிற் பலருக்கும் உண்டு.

விரலில் எழுவது எலும்பு உரசும் ஒலியன்று. மூட்டுக்குள் வழுவழுப்பான நீர் இருக்கிறது. விரலை இழுத்ததும் உள்ளே அழுத்தம் குறைய, வாயுக் குமிழ் ஒன்று தோன்றுகிறது. குமிழ் பிறக்கும்போது ஒலியா, உடையும்போதா? 1947இல் லண்டன் ஆய்வாளர் பிறப்பென்றனர்; 1971இல் லீட்ஸ் ஆய்வாளர் உடைவென்றனர்; 2015இல் கனடாவின் ஆல்பர்ட்டாவில் காந்தப் படம் எடுத்துப் பார்த்து மறுபடியும் பிறப்பென்றனர். வழக்கு இன்னும் முடியவில்லை. முறித்த விரலை உடனே மீண்டும் முறித்துப் பாருங்கள், ஒலிக்காது. ஏறக்குறைய 20 நிமிடம் பொறுக்கவேண்டும்.

அமெரிக்க மருத்துவர் டொனால்டு அங்கரையும் அவர் அன்னை இப்படித்தான் எச்சரித்தாராம். அவரோ ஐம்பதாண்டுக்கு மேல் இடக்கை விரல்களை மட்டும் நாளுக்கு இருமுறையேனும் முறித்துவந்தார். இரு கையிலும் மூட்டுவாதம் இல்லை என்று 1998இல் எழுதினார். 2009இல் இக் நோபல் பரிசும் பெற்றார். ஒற்றை ஆளின் சோதனை போதுமா என்று கேட்பீர்கள். நியாயமே. 2011இல் அமெரிக்காவில் 215 பேரை ஆராய்ந்தபோதும் முறிப்பவர்க்கு மூட்டுவாதம் மிகுந்திருக்கவில்லை. ஆனால் 1990இல் டெட்ராய்ட்டில் 300 பேரைப் பார்த்தவர்கள், வாதம் இல்லாவிடினும் கை வீக்கமும் பிடிவலுக் குறைவும் முறிப்பவரிடம் மிகுதி என்றனர். இதை மறைத்து வாதாடுவது அறிவியலாகாது. வலியோ வீக்கமோ இருந்தால் முறிக்க வேண்டாம். இல்லையேல் அஞ்ச வேண்டாம்.

ஊரிலே என் பாட்டி கண்ணேறு கழிக்க என் கன்னத்தை வழித்துத் தம் நெற்றிப்பொட்டில் விரல்களை நெரிப்பார். பத்து விரலும் ஒலித்தால் அவருக்குப் பெருமை. அதே விரல்களால் இன்றும் பூத்தொடுக்கிறார். (இதுவும் ஒற்றை ஆள் சான்றுதான்!)

கழுத்தின் கதை வேறு. கழுத்தெலும்புத் துளைகளின் வழியே மூளைக்கு இரத்தக் குழாய்கள் ஏறுகின்றன. வெடுக்கென்று திருப்பினால் குழாயின் உட்சுவர் கிழியலாம். அங்கே இரத்தம் கட்டி மூளைக்குச் சென்று அடைத்தால் பக்கவாதம். 2024இல் பெல்லாரியில் 30 வயது இளைஞர் ஒருவருக்கு முடிதிருத்தகத்தில் கழுத்தைத் திருப்பிய சில மணி நேரத்தில் பேச்சுப் போய், இடப்பக்கம் தளர்ந்தது. நம் ஐதராபாத்திலேயே 2022இல், அழகு நிலையத்தில் தலை கழுவக் கழுத்தைப் பின்னே சாய்த்திருந்த 50 வயது மாதுக்குப் பக்கவாதம் வந்ததை நரம்பியல் மருத்துவர் சுதீர் குமார் வெளியிட்டார். அரிதுதான்; ஆனால் அரிதென்று கழுத்தைக் கொடுத்துப் பார்ப்பதா? திருப்பியபின் கழுத்துவலி, தலைசுற்றல், பேச்சுக் குழறல் கண்டால் அந்த நொடியே மருத்துவமனைக்கு ஓடவேண்டும்.

முடிதிருத்துவோரைப் பழிக்கவில்லை; நாம் கேட்கிறோம், அவர் செய்கிறார். மதுரைத் தோழருக்கு மூன்று சொல் தக்கினி கற்றுக்கொடுத்தேன்: "கர்தன் நக்கோ, பாய்!" சென்ற ஞாயிறு சொல்லிப் பார்த்தாராம். கடைக்காரர் சிரித்துவிட்டு, தலையை மட்டும் இன்னும் ஐந்து நிமிடம் கூடுதலாகப் பிடித்துவிட்டாராம்.