மார்பு என்ற சொல்லைச் சொல்லலாமா?

அண்மையில் ருவான்வெல்லைக்குப் போயிருந்தேன். இறப்பர்த் தோட்டத்து லயத்தில் நான் பிறந்து வளர்ந்த காம்பராவில் இப்போது அண்ணன் குடும்பம் இருக்கிறது. இரவு எல்லோரும் படுத்த பிறகு அண்ணன் மகள் அருகில் வந்து உட்கார்ந்து, மடித்துவைத்த விளம்பரத் துண்டு ஒன்றை நீட்டினாள். கொழும்பிலுள்ள தனியார் நிலையமொன்றினுடையது. தொய்ந்த மார்பகங்களைத் தூக்கி நிறுத்தும் சத்திரசிகிச்சை.

“அத்தை, இத செஞ்சிக்கட்டுமா? பைத்தியம்னு மட்டும் சொல்லிறாதீங்க. அவரு ஒண்ணும் சொல்லல. எனக்கே ஒரு மாதிரியா இருக்கு.”

முப்பத்து நான்கு வயது, இரண்டு பிள்ளைகள். குவைத்தில் வீட்டுவேலை செய்து சேர்த்த காசு கையில் இருக்கிறது. இப்போது தாயோடு பால் வெட்டப் போகிறாள். மறுநாள் அந்தத் துண்டு அண்ணன் கண்ணில் பட்டுவிட்டது. “கூலிக்காரக் குடும்பத்துக்கு இது என்னத்துக்கு?” என்று கத்தினார். என் வழக்கு அந்த ஒரு வாக்கியத்தோடுதான்.

இதை நான் முன்பும் கேட்டிருக்கிறேன். 2018 பெப்ரவரியில் தமிழ்நாட்டுச் சுகாதார அமைச்சராயிருந்த விஜயபாஸ்கர், சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பகச் சீரமைப்பை இலவசமாகச் செய்யும் பிரிவொன்றைத் தொடக்கிவைத்தார். அழகுச் சிகிச்சை ஏழைகளுக்கு ஏன் கிடைக்கக் கூடாது என்பது அவரது வாதம். எதிர்ப்பும் எள்ளலும் எழுந்தன. உயிர்காக்கும் சிகிச்சைக்குப் பணம் போதாதபோது இதற்குச் செலவிடலாமா என்று கேட்டவர்களோடு எனக்குச் சண்டையில்லை; அது பொதுப்பணம் பற்றிய நியாயமான கேள்வி. எள்ளல் வேறிடத்திலிருந்து பிறந்தது. ஏழைப் பெண்ணின் உடம்பு உழைக்கவும் பிள்ளை பெறவும் மட்டுமே என்ற எண்ணம் அது. மார்பகப் பாரத்தால் தோளும் முதுகும் நோகும் பெண்களும் உண்டு என்பது எள்ளியவர்களுக்கு நினைவு வரவில்லை. திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்குப் பல்லாண்டு போராடி 1859இல்தான் அரச ஆணை பெற்றார்கள். மூடு என்றாலும் திற என்றாலும், ஆணையிடும் அதிகாரம் தமக்கே என்றுதான் மற்றவர்கள் அன்றும் இன்றும் நினைக்கிறார்கள்.

இதனால் நான் அந்த விளம்பரத்தின் பக்கம் என்று எண்ணிவிட வேண்டாம். அது பிள்ளைபெற்ற உடம்பைக் ‘குறைபாடு’ என்கிறது. தொய்வு நோயல்ல. பாலூட்டுவதுதான் காரணம் என்று அது சொல்வதும் பிழை. 2008இல் வெளியான கென்டக்கிப் பல்கலைக்கழக ஆய்வு வயது, கர்ப்பங்களின் எண்ணிக்கை, உடற்பருமன், புகைத்தல் ஆகியவற்றையே காரணங்களாகக் கண்டது, பாலூட்டலை அல்ல. இந்தப் பொய்யை நம்பிப் பிள்ளைக்குப் பாலை நிறுத்துகிற தாய்க்கு யார் பதில் சொல்வது?

விளம்பரம் சொல்லாதவற்றை நான் அவளுக்குச் சொன்னேன். மயக்க மருந்து கொடுத்து, மிகுதித் தோலை வெட்டியகற்றி, முலைக்காம்பை மேலே நகர்த்தித் தைக்கிறார்கள். தழும்பு நிச்சயம், நம்மைப் போன்ற கறுத்த தோலில் அது தடித்து வளரும் வாய்ப்பும் அதிகம். உணர்ச்சி குறையலாம். பின்னர் பாலூட்டுவது கடினமாகலாம். ஆகவே இன்னொரு பிள்ளை வேண்டுமென்றால் பொறுத்திருப்பதே நல்லது. காலப்போக்கில் மீண்டும் தொய்யும். பல வாரங்களுக்குப் பாரம் தூக்கக் கூடாது. பால் வாளியை யார் சுமப்பது? 2021இல் 1,000 ரூபாயாகவும் 2024இல் 1,350 ரூபாயாகவும் போராடிப் பெற்ற நாட்சம்பளத்தை அத்தனை நாளுக்கு யார் ஈடுசெய்வது? கத்தி பிடிப்பவர் இலங்கை மருத்துவ சபையில் பதிவுபெற்றவரா, பிளாஸ்டிக் சத்திரசிகிச்சையில் நிபுணரா? இவற்றுக்கெல்லாம் விடை தெரிந்த பிறகும் அவள் விரும்பினால், அது அவள் காசு, அவள் உடம்பு.

ஆனால் என்னை உறுத்தியது அவள் குரல். அத்தனை தணிந்த குரல். என் பெரியம்மாவும் அப்படித்தான் ஒரு கட்டியை ஒளித்துவைத்தார். ‘அந்த இடத்தை’ டொக்டரிடம் எப்படிக் காட்டுவது என்றே மாதங்களைக் கழித்தார். காட்டியபோது காலம் கடந்திருந்தது. இலங்கைப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோயே. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் சுகவனிதையர் கிளினிக்குகளில் மார்பகத்தை இலவசமாகப் பரிசோதிக்கிறார்கள். போனால் அரைப்பேர்தான் விழும் என்பது ஒரு தடை. வீட்டில் யாரிடம் சொல்வது என்பது அதைவிடப் பெரிய தடை.

ஆகவே, அண்ணனுக்கும் அவரைப் போன்ற அண்ணன்மாருக்கும் ஒன்று சொல்வேன். உங்கள் கத்தல் ஒரு சத்திரசிகிச்சையைத் தடுக்கலாம். அதே கத்தலுக்குப் பயந்து நாளை ஒரு பெண் தன் கட்டியைப் பற்றியும் வாய் திறக்க மாட்டாள்.

அண்ணன் மகள் என்ன முடிவெடுத்தாள் என்று கேட்காதீர்கள். அதை எழுதும் உரிமை எனக்கில்லை. நான் புறப்படும் முன் தாயையும் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போய்வந்தாள் என்பதை மட்டும், அவள் அனுமதியோடு எழுதுகிறேன்.