ஆயிரம் ரூபாய்க்கு ஒரு ரயில் பாதை

திண்டிவனத்துல இருந்து திருவண்ணாமலைக்கு ரயில்ல போகணுமா? தாராளமா போகலாம். முதல்ல தெற்கே விழுப்புரம் போங்க, அங்க வண்டி மாறுங்க, திருக்கோவிலூர் வழியா சுத்திப் போங்க. நேர் வழியில செஞ்சி இருக்கு. ஆனா செஞ்சிக்கு ரயிலே கிடையாது. கோட்டை மட்டும்தான்.

நேரா ஒரு பாதை போடப்போறோம்னு 2006-07 ரயில்வே பட்ஜெட்ல சொன்னாங்க. சுமார் 70 கிலோமீட்டர். அதே பட்ஜெட்ல திண்டிவனம் - நகரி பாதையும் வந்துச்சு. அப்போ ரயில்வே இணை அமைச்சர் அரக்கோணம் எம்.பி. ஆர்.வேலு. அதே 2004-2009 காலத்துல நெடுஞ்சாலைத் துறை அமைச்சர் டி.ஆர்.பாலு. ரெண்டு பேருமே நம்ம ஊர்க்காரங்க. நெடுஞ்சாலை என்னாச்சு? திண்டிவனம் - உளுந்தூர்பேட்டை நாலு வழிச்சாலை வந்துச்சு, விக்கிரவாண்டியில சுங்கச்சாவடியும் வந்துச்சு. ரயில் என்னாச்சு?

பல பட்ஜெட்டுகள்ல இந்தப் பாதைக்கு ஒதுக்கின தொகை 1000 ரூபாய். கோடி இல்லீங்க, வெறும் ஆயிரம் ரூபாய். திண்டிவனத்துல இருந்து திருவண்ணாமலைக்கு கார்ல ஒரு தடவை போய் வந்தா பெட்ரோலுக்கே சரியாப் போயிடும். திட்டம் செத்துப்போச்சுன்னு சொல்ல மனசு வராம, பிங்க் புக்ல பேர் இருக்கட்டுமேன்னு கட்டுற சந்தா அது.

இதை வடக்கு - தெற்கு பாகுபாடுன்னு மட்டும் பேசினா பாதிக் கதைதான். சாலைக்குப் பணம் வர்ற வழியே வேற. 2000-ல மத்திய சாலை நிதிச் சட்டம் வந்துச்சு. பெட்ரோல், டீசல் போடும்போதெல்லாம் லிட்டருக்கு இவ்வளவுன்னு செஸ் போகுது. டி.வி.எஸ். 50-ல போறவரும் கட்டுறார். அதுபோக சுங்கம், அதைக் காட்டி வாங்குற கடன். அந்த நிதியில ஆரம்பத்துல ரயில்வேக்குன்னு ஒதுக்கின பங்கு கூட லெவல் கிராசிங் மேம்பாலத்துக்குத்தான். அதாவது, அதுவும் கார் நிக்காம போறதுக்கு! (2018-ல சட்டத்தைத் திருத்தி மத்த கட்டமைப்புகளுக்கும் வழி விட்டாங்க.)

புது ரயில் பாதைன்னா மட்டும் 'லாபம் வருமா'ன்னு கேள்வி. முன்னெல்லாம் 14 சதவீதம் வருமானம் காட்டணும்னு கணக்கு. டிக்கெட்ல வேற, பயணச் செலவுல 57 சதவீதம்தான் உங்ககிட்ட வசூலிக்கிறோம்னு அச்சடிச்சுக் குத்திக் காட்டுறாங்க. சுங்கச்சாவடி ரசீதுல அப்படி ஒரு வரி பார்த்திருக்கீங்களா?

இன்னொரு கூத்து. 2018-ல சென்னை - சேலம் எட்டு வழிச்சாலைன்னு கிளம்பினாங்க. 277 கிலோமீட்டர், 10,000 கோடி. இதே திருவண்ணாமலை மாவட்டம் வழியாத்தான். யாரும் கேக்கல. ஆனா மளமளன்னு வயல்ல அளவுக்கல் நட்டாங்க, விவசாயிங்க அழுது புரண்டாங்க. 2019-ல உயர் நீதிமன்றம் நிலம் எடுப்பை ரத்து பண்ணுச்சு, 2020 டிசம்பர்ல உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாத்துச்சு. கேக்காத சாலைக்கு அவ்வளவு அவசரம்.

சமீப வருஷங்கள்ல ரயில் பாதைக்கும் கோடிகள்ல ஒதுக்க ஆரம்பிச்சாங்க. சரி, விடிஞ்சுதுன்னு பார்த்தா, அடுத்த முட்டுக்கட்டை நிலம். ரயில்வே நாடாளுமன்றத்துல கொடுத்த கணக்குப்படி இந்தப் பாதைக்குத் தேவை 273 ஹெக்டேர், கைக்கு வந்தது 33. மாநில அரசு நிலம் தரலைன்னு டெல்லி சொல்லும், நீங்க பணம் தரலைன்னு சென்னை சொல்லும். என்னைக் கேட்டா ரெண்டு பேர் சொல்றதும் நிஜம்தான். அதுதான் எரிச்சலே.

2017-ல இருந்து ரயில்வேக்குத் தனி பட்ஜெட்டும் இல்ல. முன்னாடியாவது வருஷத்துக்கு ஒரு நாள் எம்.பி.க்கள் எழுந்து 'எங்க தொகுதிக்கு என்ன'ன்னு கத்துவாங்க, பேப்பர்ல வரும். 2024-ல சென்னை கடற்கரை - வேலூர் ரயிலைத் திருவண்ணாமலை வரைக்கும் நீட்டினாங்க. சந்தோஷம். ஆனா அது காட்பாடி பக்கம் சுத்தி வர்ற வண்டி. செஞ்சிக்காரங்க இன்னும் பஸ்ஸுக்குத்தான் நிக்கிறாங்க. பௌர்ணமி அன்னிக்கு அந்த பஸ்ல ஏறிப் பாருங்க, 14 சதவீதம் என்ன, நாலு பெட்டி நிறையும்.