யூரின் பையோடு வீட்டுக்கு அனுப்பும் முன்

கோவில்பட்டி சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் ஆட்டோக்களில் காணக் கிடைக்கிற காட்சிதான். சாரம் கட்டிய பெரியவர் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் பேரன், கையில் யூரின் பை. குளுக்கோஸ் பாட்டிலை உயர்த்திப் பிடித்துப் பழகிய கை, இதையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு வரும். பைக்குள் இறங்கிய சிறுநீர் மூத்திரப்பைக்கே திரும்பலாம். கிருமியும் கூடவே போகும். பை எப்போதும் இடுப்புக்குக் கீழேதான் தொங்க வேண்டும். இந்த ஒரு வரியை வார்டில் சொல்லி அனுப்பியிருக்கலாம்.

பையோடு இணைந்திருப்பது கதீட்டர். கதீட்டர் என்பது உடம்புக்குள் போகும் மெல்லிய குழாய், அவ்வளவுதான். இதயத்துக்கு ஆஞ்சியோ செய்வதும் சிலருக்கு டயாலிசிஸ் நடப்பதும் கதீட்டர் வழியாகத்தான். 1929-ல் ஜெர்மன் மருத்துவர் வெர்னர் ஃபோர்ஸ்மன் தன் கை ரத்தக்குழாய் வழியே இதயம் வரை குழாயைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்துக் காட்டினார். 1956-ல் நோபல் பரிசு வந்தது. வீட்டுக்கு வரும் யூரின் டியூப்புக்கு அந்தப் பெருமையெல்லாம் இல்லை. அமெரிக்கரான ஃபிரெடெரிக் ஃபோலி 1930-களில் உருவாக்கியது அது. நுனியில் சின்ன பலூன். உள்ளே போனதும் 10 மில்லி அளவுக்குச் சுத்தநீர் ஏற்றினால் நழுவாது. தூக்கக் கலக்கத்தில் பெரியவர் அதை அப்படியே பிடித்து இழுத்தால் ரத்தம்தான்.

பிராஸ்டேட் வீங்கிச் சிறுநீர் அடைத்துக்கொண்டவருக்கு இது உயிர்காக்கும் கருவி. சந்தேகமே இல்லை. ஆனால் உள்ளே கிடக்கும் ஒவ்வொரு நாளும் கிருமி சேர்வதற்கான வாய்ப்பு 3 முதல் 7 சதவீதம். ஒரு மாதம் தாண்டினால் அநேகமாக எல்லோருடைய சிறுநீரிலும் கிருமி இருக்கும். அதற்காகக் காய்ச்சலோ நடுக்கமோ இல்லாதவருக்கு மெடிக்கலில் ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுப்பது வீண். தேவை முடிந்த அன்றே டியூப்பை எடுப்பதுதான் பெரிய மருந்து.

கரிசல் வெயிலில் இன்னொரு சிக்கல். அடிக்கடி பை நிறையுமே என்று பெரியவர்கள் தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்கள். சிறுநீர் கெட்டியாகி, உப்புப் படிந்து, டியூப் அடைக்கிறது. மருமகள் விடிந்ததும் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போய்விட்டால் பகலில் பையைத் திறந்துவிட யார் இருக்கிறார்கள்? டிஸ்சார்ஜ் எழுதுகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி அது.

எல்லோருக்கும் நிரந்தர டியூப் தேவையும் இல்லை. தண்டுவடம் பாதித்தவர்கள் தேவைப்படும்போது தாங்களே குழாயைச் செலுத்தி எடுத்துவிடலாம், கையைச் சுத்தமாகக் கழுவினால் போதும் என்று 1972-லேயே மருத்துவர் ஜாக் லாபிடெஸ் காட்டினார். கைக்கு வலு வேண்டும், பொறுமையாகச் சொல்லித்தர ஆளும் வேண்டும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுக்கையில் கிடப்பவர்களைப் பார்க்கச் செவிலியர் வீட்டுக்கே வருகிறார். நல்ல ஏற்பாடு. அவர் வாசலில் வந்து நிற்கும்போது கையில் தகவல் இருக்க வேண்டாமா? லேட்டக்ஸ் டியூப் என்றால் சில வாரங்களில் மாற்ற வேண்டும்; சிலிகான் என்றால் மூன்று மாதம் வரை தாங்கும். எந்த டியூப், என்ன அளவு, பலூனில் எத்தனை மில்லி, போட்ட தேதி, எடுக்கவோ மாற்றவோ வேண்டிய தேதி. டிஸ்சார்ஜ் சீட்டில் இத்தனையும் தமிழில் இருக்க வேண்டும். வீட்டார் ஒருவர் வார்டிலேயே பையைத் திறந்து காலிசெய்து காட்டிய பிறகுதான் அந்தச் சீட்டில் கையெழுத்து விழ வேண்டும்.