பறவை எங்க மாமா?

ஆத்தூர் என்றதும் 'சேலமா?' என்று கேட்பவரா நீங்கள்? இல்லை சார், இது திண்டுக்கல் ஆத்தூர். காமராஜர் அணை இருக்கிற ஆத்தூர்.

போன மாதம் அமெரிக்காவிலிருந்து மைத்துனன் வாட்ஸப்பில் ஒரு போட்டோ அனுப்பினான். அவன் வீட்டுத் தோட்டத்தில், சர்க்கரைத் தண்ணீர்க் குப்பிக்கு முன்னால் ஒரு ஹம்மிங்பேர்ட் அந்தரத்தில் நின்றபடி உறிஞ்சிக்கொண்டிருந்தது. கீழே ஒரு வரி: 'உங்க ஊர்ல இதெல்லாம் பார்க்க முடியாதே மாமா!'

வாஸ்தவம்தான். முந்நூறு வகைக்கு மேல் இருந்தும் அத்தனையும் அமெரிக்கக் கண்டங்களில்தான். ஆனால், பி.காம். படித்தவன் பாக்கியை நேர் செய்யாமல் விடுவானா? நம்ம கொல்லைச் செம்பருத்தியில் தேன்சிட்டு இருக்கிறதே! இரண்டும் சொந்தக்காரர்கள் இல்லை. ஒரே தொழில், அதனால் கிட்டத்தட்ட ஒரே ஜாடை. அது பறந்தபடியே குடிக்கும். நம்மாள் பெரும்பாலும் காம்பில் உட்கார்ந்து சாவகாசமாகக் குடிப்பார்.

நண்பனிடம் கேமரா இரவல் வாங்கிக்கொண்டு கொல்லைக்குப் போனால், செம்பருத்திக் கிளை நுனியில் கூடே தொங்குகிறது! சிலந்தி நூலில் நாரும் சருகும் ஒட்டிய சின்னப் பை. பக்கவாட்டில் வாசல், அதற்கு மேலே ஒரு சன்ஷேடு. கட்டுமான வேலையில் பெரும்பங்கு பெண் சிட்டுக்குத்தான். ஐயா பளபளவென்று மேற்பார்வை! குஞ்சு பொரித்த பிறகுதான் அவரும் பூச்சி பிடித்து வருவார்.

அம்மா அதை முன்பே பார்த்துவிட்டாள். பத்து நாளாக, முழங்கால் வலியோடு மொட்டை மாடிக்கு ஏறித் துணி காயப்போட்டது அதனால்தானாம். எனக்குச் சொல்லவில்லை. ஏன் என்று அப்புறம் புரிந்தது.

வெளிச்சம் போதவில்லை என்று கூட்டை மறைத்த மூன்று கிளைகளை வெட்டினேன். கேமராவோடு நெருங்கி நின்றேன். உள்ளே இரண்டு குட்டி அலகுகள் ஆவென்று திறந்திருந்தன. தாய், வாயில் பூச்சியோடு எதிர்ச் சுவரில். வரவில்லை. பத்து நிமிஷம், இருபது நிமிஷம்... கத்தியதே தவிர வரவில்லை. அலகுகள் மூடிக்கொண்டன. மதில்மேல் ஒரு காக்கா வந்து உட்கார்ந்து, நான் திறந்து வைத்த வழியாக எட்டிப் பார்த்தது.

"ஏண்டா, பிள்ளை பெத்தவ வீட்டுக் கதவைக் கழட்டிட்டுப் போட்டோ எடுப்பியா?" என்றாள் அம்மா.

கேமராவை மூடி, திண்ணைக்கு வந்தேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, தாய் கூட்டில் இருந்தது.

பற்று: மூன்று கிளை. வரவு: ஒரு காவல்காரன். ஒரு வாரம் கையில் குச்சியோடு காக்கா விரட்டினேன். கட்டுரை கேட்டுப் போன் செய்த ஆசிரியரிடம், "கொல்லையில் டியூட்டி சார்" என்றேன்.

எட்டாம் நாள் செம்பட்டி வரை போய்த் திரும்பினால், "ரெண்டும் பறந்துருச்சுப்பா" என்றாள் அம்மா, மாடியிலிருந்து இறங்கியபடியே.

காலிக் கூட்டைப் படம் எடுத்து மைத்துனனுக்கு அனுப்பினேன். 'பறவை எங்க மாமா?' என்று கேட்டான்.

'பொழச்சுப் போச்சு மாப்ளே!'