பதினாறு வயது போதாது
இலங்கையில் வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக் குறைந்த வயது 2021இல் 14இலிருந்து 16ஆக உயர்ந்தது. முழுநேர வேலைக்கு அதை 18ஆக்க வேண்டும். வளரிளம் பருவத்தில் உணர்ச்சிக்கும் சகபாடிகளின் மதிப்புக்கும் கூர்மையாக வினையாற்றும் மூளைப் பகுதிகள் முந்திக்கொள்கின்றன. விளைவை முன்னுணர்ந்து தன்னைத்தானே எடைபோட உதவும் முன்நெற்றிப் புறணியோ இருபதுகளின் நடுப்பகுதிவரை முதிர்ந்துகொண்டிருக்கிறது. பயன்படாத நரம்பிணைப்புகள் கழிந்து, பயன்படுபவை உறுதிபெறும் இக்காலத்தில்தான் 'நான் யார்' என்ற கேள்வியும் வலுக்கிறது. அடையாளத் தேடலை இப்பருவத்தின் மையப் பணியாக எரிக் எரிக்சன் கண்டார். தேடாமலே பிறர் வகுத்ததை ஏற்றுவிடும் நிலையை ஜேம்ஸ் மார்சியா 1966இல் தனியே வகைப்படுத்தினார். யட்டியாந்தோட்டைத் தோட்டங்களில் சாதாரணதரத்தோடு படிப்பை விட்டுக் கொழும்புக் கடைக்கோ ரப்பர் மலைக்கோ போகும் பிள்ளைக்கு நேர்வது பெரும்பாலும் இதுவே. அது பிள்ளையின் திறமைக் குறைவு அன்று, லயத்து வறுமை எடுத்த முடிவு. மூளை வளர்ச்சி மட்டும் ஒருவரின் அடையாளத்தை ஆக்கிவிடாது. எதைப் படித்தார், யாரோடு பழகினார், எதை முயன்று பார்த்தார் என்பவையே அதற்கு உருவம் தருகின்றன. ஆகவே வயதெல்லையை மாற்றுவதோடு அரசு நின்றுவிடக் கூடாது. கட்டாயக் கல்வியும் 18 வயதுவரை நீள வேண்டும். தோட்டப் பிள்ளைகள் நாள்தோறும் போய்வரக்கூடிய தூரத்தில் கலை, வணிகம், விஞ்ஞானம் மூன்றிலும் தமிழ்மொழி மூல உயர்தர வகுப்புகளும், தமிழ் பேசும் பயிற்சிபெற்ற ஆலோசக ஆசிரியர்களும் வேண்டும். பிள்ளையின் கூலியை இழக்கும் குடும்பத்துக்கு 16இலிருந்து 18 வயதுவரையான இரண்டு ஆண்டுகளுக்கும் மாதாந்த உதவித்தொகை வழங்கப்பட வேண்டும். அதில் ஒரு பங்கைத் தோட்டக் கம்பனிகள் ஏற்க வேண்டும்.