‘ஓவியரின் கற்பனை’ யாருடைய கற்பனை?

இன்னும் வீட்டைவிட்டுப் புறப்படாதவர் “இதோ வந்துவிட்டேன்” என்று சொல்வது தமிழில் பிழையாகக் கொள்ளப்படுவதில்லை. வரவிருப்பதை இறந்தகாலத்தில் கூறும் இவ்வழக்கைத் தொல்காப்பியம் ஏற்கிறது. விரைவு, மிகுதி, தெளிவு முதலிய காரணங்களால் இவ்வாறு காலம் மயங்கலாம் என்கிறது நன்னூல். இதற்குக் காலவழுவமைதி என்று பெயர். வழுதான்; ஆயினும் தக்க காரணம் இருப்பதால் அமைதி.

கட்டடக்கலை ஓவியம் என்னும் தொழில் முழுவதும் இத்தகைய ஒரு வழுவமைதியின்மேல் நிற்கிறது. அடித்தளம்கூடத் தோண்டப்படாத கட்டடத்தை, மரங்கள் தழைத்து, விளக்குகள் எரிந்து, முற்றத்தில் மக்கள் உலாவும் நிலையில் அது காட்டுகிறது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. தமிழ் வினைச்சொல்லில் காலம் காட்ட இடைநிலை இருக்கிறது. படத்தில் அப்படி ஒன்று இல்லை. கட்டப்பட்டதும், கட்டப்படவிருப்பதும், ஒருபோதும் கட்டப்படாததும் அங்கே ஒரே முகத்தோடு நிற்கின்றன.

சென்னையிலிருந்து நெல்லூர் செல்லும் நெடுஞ்சாலையில், தடாவை அடுத்து அமைந்துள்ள ஸ்ரீ சிட்டி இதற்கு நல்ல சான்று. 2008இல் தொடங்கப்பட்ட இத்தொழில்நகரம், தமிழும் தெலுங்கும் கலந்து ஒலிக்கும் சத்தியவேடு, வரதய்யபாளையம் வட்டாரத்தில் எழுந்தது. இன்று அங்கே வாகன ஆலையும், சென்னை மெட்ரோவுக்குப் பெட்டிகள் செய்த அல்ஸ்டாம் தொழிற்சாலையும், கிரியா பல்கலைக்கழகமும் இருக்கின்றன. இத்தகைய நகரத்தில் முதலீடு செய்பவர் முதலில் காண்பது கட்டடத்தை அன்று, படத்தையே. படம் முந்துகிறது, பணம் பின்தொடர்கிறது, கட்டடம் கடைசியில் வருகிறது. ஸ்ரீ சிட்டியில் அந்த வழு பெருமளவு அமைதி பெற்றது.

அதே மாநிலத்தின் அமராவதி வேறொரு பாடம். 2015 அக்டோபரில் அடிக்கல் நாட்டப்பட்ட அத்தலைநகருக்கு விவசாயிகள் 33,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தை ஒப்படைத்தனர். இலண்டனின் ஃபாஸ்டர் அண்ட் பார்ட்னர்ஸ் நிறுவனம் அரசுக் கட்டடங்களுக்கான வடிவங்களை அளித்தது. 2017இல் திரைப்பட இயக்குநர் ராஜமௌலியின் ஆலோசனையையும் அரசு நாடியது. 2019 ஆட்சி மாற்றத்துக்குப் பின் பணிகள் முடங்கின. 2024இல் மீண்டும் ஆட்சி மாறிய பின்னரே உயிர் பெற்றன. இடைப்பட்ட ஆண்டுகளில் அந்த நகரம் பெரும்பாலும் படங்களிலேயே வாழ்ந்தது. நிலம் கொடுத்தவரின் காத்திருப்பு எந்தப் படத்திலும் வரையப்படவில்லை.

இப்படங்களை வரைபவர் யார்? அலுவலக வழக்கில் அவர் ‘த்ரீ-டி விஷுவலைசர்’. அவர் செய்வது ‘ரெண்டரிங்’. பிளானும் எலிவேஷனும் கைக்கு வந்தபின், வெயில் எப்பக்கம் விழவேண்டும், கண்ணாடியில் எந்த வானம் தெரியவேண்டும், சாலையில் யார் நடக்கவேண்டும் என்பனவற்றைக் கணினியில் அமைப்பவர் அவரே. அவருடைய பெயர் விளம்பரத்தில் இடம்பெறுவது அரிது. ஆயினும் அவர் ஓரிடத்தில் மட்டும் தவறாமல் குறிப்பிடப்படுகிறார். பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், ‘இது ஓவியரின் கற்பனை’ என்று. பெயர் இல்லாத ஒருவர், பொறுப்பைச் சுமத்துவதற்கு மட்டும் எழுவாயாக்கப்படுகிறார். குளமும் பூங்காவும் வேண்டும் என்று கேட்டவர் கட்டுநர். அவை கற்பனை என்று சொல்ல நேரும்போது அக்கற்பனை ஓவியருடையதாகிவிடுகிறது.

இத்தொழிலில் பெயர் மறைவது புதிதன்று. ஃபிராங்க் லாய்ட் ரைட்டின் புகழை ஐரோப்பாவில் நிலைநாட்டிய 1910ஆம் ஆண்டுத் தொகுப்பின் படங்களில் பலவற்றை வரைந்தவர் மரியன் மஹோனி. கான்பெராவுக்கான போட்டியில் 1912இல் வென்றவராக அறிவிக்கப்பட்டவர் அவருடைய கணவர் வால்டர் கிரிஃபின். நடுவர்களுக்கு அந்நகரைக் காட்டியவை மரியனின் ஓவியங்கள். பின்னர் இருவரும் இலக்னோவில் பணிபுரிந்ததை இந்தியர் பலரும் அறியார்.

சட்டத்தின் நிலை என்ன? ‘ஆர்க்கிடெக்ட்’ என்னும் பெயரை 1972ஆம் ஆண்டுச் சட்டம் காக்கிறது. ஓவியருக்கு அத்தகைய பதிவோ காப்போ இல்லை. மறுபுறம், 2016ஆம் ஆண்டு மனை வணிகச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, விளம்பரத்தில் உள்ள பொய்யான கூற்றை நம்பி முன்பணம் கட்டி இழப்புக்கு உள்ளானவருக்குக் கட்டுநர் ஈடுசெய்யவேண்டும் என்கிறது. சட்டம் பொறுப்பைக் கட்டுநரிடம் வைக்கிறது. பொடி எழுத்து அதை ஓவியரிடம் தள்ளப் பார்க்கிறது.

படத்தில் பெயர் பொறித்தால் எளியவரான ஓவியரே வழக்கில் சிக்குவார் என்று சிலர் அஞ்சலாம். உண்மையில் பெயரின்மைதான் அவரை எளியவராக்குகிறது. பெயர் இல்லாத படைப்பைக் காட்டி அடுத்த வேலையைக் கேட்க முடியாது; ஊதியத்தை உயர்த்தவும் முடியாது. சொற்களை இட்டால் படம் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பெருகிவிட்ட இக்காலத்தில், பெயரற்ற வேலையே முதலில் பறிபோகும். கருவி அழகான படத்தைத் தரும்; அந்த மனையில் மழைநீர் எப்பக்கம் ஓடும், எதிரே இருப்பது கண்ணாடி மாளிகையா மின்மாற்றியா என்பதை நேரில் சென்று பார்த்து வராது. பார்த்து வந்து வரைபவருக்கே இத்தொழிலில் எதிர்காலம் உண்டு. இத்துறைக்கு வர விரும்பும் இளைஞர் மென்பொருளோடு நிலத்தைப் படிக்கவும் கற்கவேண்டும்.

ஆகவே கட்டடப் படம் ஒவ்வொன்றும் வரைந்தவரின் பெயரையும், வரைந்த நாளையும் தாங்கவேண்டும். அதில் உள்ளவற்றுள் எவை ஒப்புதல் பெற்றவை, எவை வெறும் அலங்காரம் என்பது படிக்கத்தக்க எழுத்தில் இருக்கவேண்டும். படத்துக்குக் கால இடைநிலை இல்லை என்றால், அதைச் சொற்களால்தான் சேர்க்க முடியும். ‘ஓவியரின் கற்பனை’ என்னும் தொடர் அந்த வேலையைச் செய்யவில்லை; விளம்பரங்களிலிருந்து அதை நீக்கிவிடலாம்.