வேரில் இருப்பு வேண்டும்



1978 நவம்பர் 23ஆம் திகதி வீசிய சூறாவளியைக் கல்குடாவிலும் மட்டக்களப்புக் கரையெங்கும் பெரியவர்கள் இன்னும் பேசுகிறார்கள். மாவட்டத்தில் இருந்த ஏறத்தாழ 28,000 ஏக்கர் தென்னையில் பத்தில் ஒன்பது பங்கு அழிந்ததாக அன்றைய கணக்குகள் கூறின. தென்னையை நம்பிப் பிழைத்த குடும்பங்களுக்கு அது ஒரே நாளில் வந்த வேலைநீக்கம்.

வேம்பும் பூவரசும் புளியும் முறிந்தாலும் பல வேளைகளில் மறுபடி துளிர்க்கின்றன. தலை போன தென்னையும் பனையும் துளிர்ப்பதில்லை. தென்னைக்கு உயிர் நிற்கும் இடம் ஒன்றே: உச்சிக் குருத்து. அது போனால் மரம் போயிற்று. புதுப்பிள்ளை நட்டு, நாட்டுத்தென்னை காய்க்க ஆறேழு ஆண்டு காத்திருக்க வேண்டும். வேம்பு போன்ற மரங்களிலோ பட்டைக்கு அடியில் உறங்கும் மொட்டுகள் இருக்கின்றன. மேலே கொப்பு இருக்கும் வரை அவை விழிப்பதில்லை. கொப்பு போனதும் அவற்றுக்கு வேலை வருகிறது.

ஆனால் இலை இல்லாத மரம் எதைத் தின்று துளிர்க்கும்? நல்ல காலத்தில் வேரிலும் அடிமரத்திலும் சேர்த்து வைத்த மாச்சத்தைத்தான். மலையகத்திலிருந்து வந்து இங்கே குடியேறிய நம்மவர்களுக்கு இது புதிய பாடமல்ல. தேயிலையை மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு ஒரு தடவை கவ்வாத்து வெட்டுவார்கள். வெட்டுமுன் சில வாரம் கொழுந்து பறிக்காமல் செடிக்கு ஓய்வு கொடுப்பது வழக்கம். வேரை நறுக்கி அயடீன் தடவி, கருநீலம் ஏறுகிறதா என்று பார்ப்பதும் உண்டு. கருநீலம் ஏறினால் இருப்பு உண்டு, வெட்டலாம். ஏறாவிட்டால் வெட்டிய செடி பட்டுப்போகலாம். சில இடங்களில் ஓரத்தில் ஓரிரு கொப்பை இலையோடு விட்டு வெட்டுவதும் இதற்காகத்தான்.

நம் பக்கத்துக் கஜுத் தோட்டங்களுக்கும் இதே கணக்குத்தான். விளைச்சல் குறைந்த கிழட்டு மரத்தை அடியோடு தோண்டி எறிய வேண்டியதில்லை. இடுப்பளவில் அறுத்து, வரும் துளிரில் நல்லவற்றை மட்டும் விட்டு, அவற்றில் நல்லின ஒட்டைக் கட்டினால் இரண்டு மூன்று ஆண்டில் மறுபடி காய் பார்க்கலாம். ஆனால் கடும் வறட்சியில் அறுக்கக் கூடாது. வெட்டுவாயைச் சாய்வாக விட்டு, மருந்து பூச வேண்டும். இல்லாவிட்டால் தண்டு துளைக்கும் புழு புகுந்துவிடும். இளந்துளிரை ஆடு கடிக்க விடவும் கூடாது. ஒவ்வொரு தடவை துளிர் போகும்போதும் வேரின் இருப்புக் குறைகிறது. இருப்புத் தீர்ந்த வேர் பிறகு துளிர்க்காது.

மரத்துக்கு இவ்வளவு பார்க்கிற தோட்டத்தில், அந்த மரத்தில் வேலை செய்கிறவருக்கு என்ன பார்க்கப்படுகிறது? ஒரு பகுதியை அறுத்தால் அங்கே கொட்டை பொறுக்கிய பெண்களுக்கு இரண்டு மூன்று பருவம் வேலை இல்லை. மரம் துளிர்க்கும் வரை அவர்கள் அடுப்பு எதில் எரியும்? தோட்டம் புதுப்பிக்கப்படும் காலத்தில் களை எடுப்பு, பசளை இடுதல், நாற்று மேடை வேலை ஆகியவற்றை முதலில் அவர்களுக்கே கொடுக்க வேண்டும். எந்தப் பகுதியை எப்போது அறுப்பது என்பதைச் சங்கத்துடன் முன்கூட்டியே பேச வேண்டும். இவை நமது கோரிக்கைகள்.

நம் வேரில் இருக்க வேண்டிய இருப்பும் உண்டு. ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதம், முதலாளி தன் பங்காக 12 வீதம் கட்ட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 வீதம் கட்ட வேண்டும். நாட்கூலியானாலும், துண்டு வேலையானாலும் இந்த உரிமை உண்டு. முதலாளியின் பங்கை உங்கள் கூலியில் கழிப்பது சட்டவிரோதம். 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து ஆண்டு முடித்தவருக்கு, 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி பணிக்கொடையும் உண்டு. நாட்கூலிக்காரருக்கு அது ஆண்டொன்றுக்கு 14 நாட் சம்பளம்.

ஆகவே இந்த மாதமே ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் அங்கத்துவ இலக்கத்தையும் கணக்குக் கூற்றையும் எடுத்துப் பாருங்கள். பெயர் சரியா, மாதங்கள் விடுபட்டுள்ளனவா என்று பிள்ளைகளைக் கொண்டு வாசிப்பியுங்கள். குறை இருந்தால் சம்பளச் சீட்டுகளோடு கிளைத் தலைவரிடம் வாருங்கள். தொழில் திணைக்களத்துக்கு முறைப்பாடு எழுதிக் கொடுப்பது சங்கத்தின் கடமை.

காற்று எப்போது வரும் என்று நமக்குத் தெரியாது. வருமுன் வேரைப் பார்த்துக்கொள்வோம்.